ஒரு கைத் தண்ணீர்

பால் முழுக்க வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. காலித் தூக்கைப் பிடித்தபடி நான் ஓரத்தில் மண்டியிட்டுக் கிடந்தேன். கறுப்புத் தண்ணீர் வெள்ளையாகி, மூலையில் இருக்கும் சீனர் கடை வரைக்கும் வெள்ளையாகவே ஓடியது. எங்கிருந்தோ ஒரு நாய் வந்து நக்கத் தொடங்கியது.

"குடிக்காத! போ, போ அந்தப் பக்கம்!" என்று கல்லை எடுத்து வீசினேன். நாய்க்கு அந்தக் காய்ச்சல் வருமா வராதா என்றுகூட எனக்குத் தெரியாது.

மேல்மாடிச் சன்னல் திறந்தது. வினிஃப்ரெட் அம்மா எட்டிப் பார்த்தார்.

"அடியே புஷ்பம்! விழுந்துட்டியா? அடிபட்டுச்சா?"

"கால் தடுக்கிருச்சும்மா."

"மாதாவே! அவ்வளவு பாலுமா போச்சு?"

கால் தடுக்கவில்லை. நானேதான் கவிழ்த்தேன்.

இது இன்று காலையில் நடந்தது. இப்போது வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். கொட்டகையில் மாடுகள் அசைபோடும் சத்தம் மட்டும் கேட்கிறது. விடிந்தால் தைப்பூசம். விடிவதற்குள் நான் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அதனால் முதலில் இங்கே, இப்படி, மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

என் அப்பா லெட்சுமணன் ஜொகூர் பாருவில் பால்காரர். ரயில் பாதைக்குப் பின்னால், மலாய்க்காரர் குடியிருக்கும் கம்பத்தை ஒட்டிய சரிவில் எங்கள் வீடும் கொட்டகையும் இருக்கின்றன. தூரத்து வீடுகளுக்கு அப்பா சைக்கிளில் போவார். மலாய்க்காரர் வாசல்களில் அவர்கள் மொழியில் "சுசு! சுசு!", பால், பால் என்று அவர் கூவுவது எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். பக்கத்தில் இருக்கும், ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார் வீடுகளுக்கு நான் தூக்கில் கொண்டுபோய் ஊற்றுவேன். அப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு. எவன் எங்கே கேட்டாலும் மார்பில் தட்டிச் சொல்வார்.

"என் பாலுல ஒரு சொட்டுத் தண்ணி இருந்தா என் மாடு விழுந்து சாவட்டும்!"

அப்பாவுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. பால் கறந்து வைத்துவிட்டு அவர் சைக்கிளைத் துடைக்கப் போனதும் அம்மா கொட்டகைக்குள் வருவாள். பானையிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளிப் பாலில் விடுவாள். அதே கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கலக்குவாள். பிறகு விரல்களை மாட்டின் நெற்றியில் துடைப்பாள். தினமும் இது நடக்கும். ஒரு நாளும் தவறியதில்லை.

"அப்பா சத்தியம் பண்றாரு, நீ தண்ணி ஊத்துறியேம்மா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"ஒரு கை தண்ணிக்குப் பேரு கலப்படமாடி? பச்சைப் பாலை அப்படியே ஊரான் கண்ணு முன்னால கொண்டுபோனா மாட்டுக்குக் கண்ணு பட்டுரும். மடி வீங்கி, கல்லா எறுகிப்போகும். இது கண்ணு கழிக்கிறது. ஒங்கப்பாகிட்ட ஒளறிறாத. அவரு சத்தியம் பண்ணட்டும், நான் மாட்டைக் காப்பாத்துறேன்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் மாடுகளுக்கு மடி நோய் வந்ததே இல்லை.

போன வருடம் எங்களுக்கு மேலே, சரிவில், புதிதாகப் பலகை வீடுகள் எழும்பின. தோட்டங்களில் வேலை போனவர்கள், பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை தேடப் போகிறவர்கள் என்று ஒவ்வொரு ரயிலிலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஓர் அறைக்குள் இரண்டு குடும்பம். வாளிக் கக்கூஸ் வாளிகளை எடுக்க ஆள் வராவிட்டால் அவை நிரம்பி வழியும். மழை வந்தால் எல்லாம் கீழேதான் இறங்கும், எங்கள் கிணற்றுப் பக்கம். மழைக்குப் பின்னால் காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு வீடு ஆள் படுத்தார்கள். சிலர் எழவே இல்லை.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். அன்றே பலகை அடித்து மூடிவிட்டார்கள். பிறகு ஒரு கண்ணாடிக் குச்சியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்த்தார். அம்மா அடுப்படியில் நின்று தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குச்சி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஒரு கை தண்ணீர் அதற்குத் தெரியவில்லை.

"பால் நல்ல பாலு. கெணறுதான் அழுக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எழுதிக்குங்க சார், லெட்சுமணன் பாலு நல்ல பாலுன்னு எழுதிக்குங்க!" என்று அப்பா அவர் சைக்கிள் வரைக்கும் கூடவே போனார்.

அன்றிலிருந்து நான் ரோட்டுப் பைப்பில் தண்ணீர் பிடித்து வருகிறேன். அம்மா அந்தப் பைப்புத் தண்ணீரை அள்ளிப் பாலில் விட்டாள். நல்ல தண்ணீர், பளிச்சென்று இருக்கும்.

கொஞ்ச நாள் காய்ச்சல் இல்லை. தீபாவளிக்குப் பிறகு திரும்பவும் வந்தது.

இந்தத் தடவை படுத்தவர்களில் பாதிப் பேர் தங்கராஜு அண்ணன் வண்டியில் சர்பத் குடித்தவர்கள். அவர் ஸ்டேஷன் எதிரில் சிவப்புப் பாகும் ஐஸும் பச்சைப் பாலும் கலந்து விற்பார். பால் எங்களுடையது. யாரும் பாலைச் சொல்லவில்லை. கண்ணாடிக் குச்சி சரி என்று சொல்லிவிட்டதே! ஐஸைத்தான் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் ஆள் கூட்டி வந்து வண்டியை உடைத்தார். அன்று சாயங்காலம் தங்கராஜு அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். சட்டை கிழிந்திருந்தது.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே. நான் ஐஸைக் கழுவாமப் போட்டதே இல்ல."

"ஐஸைக் கழுவுனா ஐஸ் எங்கடா இருக்கும்? தண்ணிதான் இருக்கும்," என்று அப்பா சொன்னார். பாலுக்கு வந்திருந்த காப்பிக்கடைக்காரர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மறுநாளே மாசாய்ப் பக்கம் ஏதோ தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஐஸ் வண்டி போயும் காய்ச்சல் போகவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஐலீன் படுத்தாள்.

ஐலீன் வினிஃப்ரெட் அம்மாவின் மகள். அவள் அப்பா மரியநாதன் சார் ரயில்வேயில் கிராணி. அவள் கான்வென்டில் படிக்கிறாள். நான் தமிழ்ப் பள்ளியில் படித்தது நின்று நாளாகிவிட்டது. ஆனாலும் அவளுக்கு என்னைப் பிடிக்கும். தினமும் காலையில் பள்ளி உடுப்போடு தன் கோப்பையை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாள்.

"பால்கார மகாராணி வந்தாச்சு! எங்க, நுரையோட ஊத்து."

"காய்ச்சிக் குடிடி. ஒங்கம்மா என்னைத்தான் ஏசுவாங்க."

"காய்ச்சுனா ஆடை வந்துரும். வாய்க்குள்ள ஒட்டும், உவ்வே. ஊத்துலா, சும்மா!"

நான் அளவுக் குவளையில் மொண்டு ஊற்றுவேன். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உதட்டின் மேல் வெள்ளை மீசையோடு, "எப்படி இருக்கேன், ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி இல்ல?" என்பாள்.

இன்று காலை நான் போனபோது படியில் அவள் இல்லை. அவள் இல்லாமல் பல நாள் ஆகிவிட்டது. டிரெஸர் கிரகோரி அவளைப் பார்த்துவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தது அவர்தான். எங்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறார். மரியநாதன் சார் கூடவே வந்தார். நான் படிக்குக் கீழே தூக்கோடு நின்றேன். அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை.

"கெணத்தை மூடியாச்சு, ஐஸ் வண்டியும் போச்சு. அப்புறம் எங்கேருந்துதான் வருது, கிரகோரி?"

"தண்ணியில மட்டும் இருக்கிறது இல்ல சார். ஆளுங்ககிட்டயும் இருக்கும். எப்பவோ டைபாய்ட் வந்து தேறுனவங்க. அவங்களுக்கு ஒண்ணும் செய்யாது, நல்லா நடமாடிக்கிட்டு இருப்பாங்க. ஆனா அந்தக் கிருமி வயித்துக்குள்ளேயே குடியிருக்கும், வருஷக்கணக்கா அடங்கிக் கெடந்து திடீர்னு வெளிய வரும். கொல்லைக்குப் போயிட்டு வந்த கையால சாப்பாட்டையோ பாலையோ தொட்டா போதும்."

"எத்தனை வருஷம் கழிச்சு?"

"சாகிற வரைக்கும்கூட இருக்கலாம்."

"கையைக் கழுவுனா?"

"சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவுனா கொறையும். நம்ம சனங்க எங்க சார்! மண்ணைத் தொட்டு அலசிட்டு வந்துருவாங்க."

"அப்படி ஒரு ஆளைக் கண்டுபிடிச்சா என்ன செய்வீங்க?"

"ஆஸ்பத்திரிப் பின்கட்டுல தனியா வெச்சிருவாங்க. அதுக்கு மருந்து இல்ல. எப்ப வெளிய விடுவாங்கன்னு டாக்டருக்கே தெரியாது."

அம்மாவுக்கு ஒரு தடவை பெரிய காய்ச்சல் வந்தது எனக்குத் தெரியும். நாங்கள் பெக்கோக்கில் தோட்டத்து லயத்தில் இருந்தபோது, நான் கைக்குழந்தையாக இருந்தபோது. தலைமுடி எல்லாம் கொட்டிப்போய், முளைத்தது சுருட்டையாக முளைத்ததாம். தலை வாரும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்வாள். டிரெஸர் படியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். எனக்கு அம்மாவின் கை மட்டும் கண்முன்னால் வந்தது. ஈரமான வலது கை, பாலுக்குள் ஒரு சுற்று.

தூக்கு என் கையில் கனத்தது. வாய்க்கால் பக்கத்தில் இருந்தது. கவிழ்த்துவிட்டேன்.

அப்பாவுக்கு உடனே யாரோ சொல்லிவிட்டார்கள். சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து கன்னத்தில் ஒன்று கொடுத்தார்.

"பூசத்துக்கு மொத நாளு பாலைக் கொட்டுறா! எருமை! கண்ணு பொடனியிலயா இருக்கு?"

"விடுங்க, வயசுப் புள்ளயை ரோட்டுல வெச்சு அடிக்காதீங்க," என்று வினிஃப்ரெட் அம்மாதான் வந்து பிடித்துக்கொண்டார். அவர் கண் வீங்கியிருந்தது. என் கன்னத்தைத் தடவிவிட்டார். அந்தக் கை சூடாக இருந்தது.

மத்தியானம் ஐலீனுக்கு ரத்தமாகப் போனது. மட்டக்குதிரை வண்டியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே அவள் கால் மட்டும் தெரிந்தது. குச்சி போல இருந்தது. வண்டியில் ஏறப்போன வினிஃப்ரெட் அம்மா இறங்கி வந்து என் காதோடு சொன்னார்.

"புஷ்பம், நாளைக்கு ஒங்க கோயில்ல ஒங்க வீட்டுப் பால்தான் அபிஷேகம்னு ஒங்கம்மா சொன்னாங்க. அதுல ஒரு மடக்கு எடுத்துட்டு வாடி. ஐலீனுக்குக் குடுக்கிறேன். நாங்க வேதக்காரங்கதான். ஆனா இப்ப எனக்கு எந்தச் சாமின்னு பாக்கத் தோணல. ஃபாதருக்கு மட்டும் தெரிய வேணாம்."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

ஆமாம், இந்த வருடம் அபிஷேகப் பால் எங்களுடையதுதான். அப்பா பல வருடமாகக் கேட்டுக் கிடைக்காதது. அபிஷேகத்துக்குப் பாலைக் காய்ச்ச மாட்டார்கள். பச்சைப் பாலாகத்தான் சாமி மேல் ஊற்றுவார்கள். ஊற்றியதை அண்டாவில் பிடித்து வரிசையாக எல்லோருக்கும் உள்ளங்கையில் விடுவார்கள். கைக்குழந்தைக்குக்கூட விரலில் தொட்டு நாக்கில் வைப்பார்கள். செனாயிலிருந்துகூட லாரியில் ஆட்கள் வருகிறார்களாம்.

சாயங்காலம் அம்மா புளி போட்டுப் பெரிய செம்புப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது பொன் மாதிரி மின்னியது. அவள் பாட்டுக்கூட முனகினாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, நாளைக்கு மட்டும் பால்ல தண்ணி தெளிக்காதம்மா."

"ஏண்டி? காலையில கொட்டுனது போதாதா? ஊரே பாக்கப்போற பாலு. நாளைக்கு ரெண்டு கையா தெளிக்கணும்."

"சாமிக்குப் போற பாலு. யாரு கண்ணு வைக்கப்போறா?"

"சாமி வைக்காது. சுத்தி நிக்கிறவளுங்க வைப்பாளுங்க. முன்வரிசையில நிப்பா பாரு கிருஷ்ணம்மா, அவ ஒருத்தி போதும், நாலு மாட்டுக்கும் மடி அடைச்சுக்கும்."

"அப்ப நான் தெளிக்கிறேன். நீ தொடாத."

அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள்.

"நான் தொட்டா என்னடி? என் கையில குட்டமா? இந்தக் கையாலதான் ஒனக்குச் சோறு ஊட்டி வளத்தேன்."

எனக்கு அழுகை வந்தது. நேரே சொல்ல முடியவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"பெக்கோக்ல ஒனக்கு வந்துச்சே ஒரு காய்ச்சல். அது என்ன காய்ச்சல்மா?"

"இப்ப ஏன் அது? என்னமோ காய்ச்சல். விட்டு விட்டுப் போகாம நாள்கணக்கா அடிச்சுச்சு. லயத்துல பாதிப் பேரு படுத்தாங்க. செத்தவங்களைத் தூக்க ஆள் இல்ல. நாம ரெண்டு பேரும் ஒரே பாயில கெடந்தோம்."

"நாம ரெண்டு பேருமா?"

"பின்ன? ஒனக்கும்தான் வந்துச்சு. எனக்கு முந்தி ஒனக்குத்தான் வந்துச்சு. வயிறு பானை மாதிரி உப்பி, ஒடம்பு அனலா கொதிச்சு, பொழைக்க மாட்டேன்னுட்டாங்க. ஒனக்கும் முடி கொட்டி மொட்டையா இருந்தே. ஒங்கப்பா ஒன்னத் தூக்கிட்டுப் போயி இந்த முருகனுக்குத்தான் வேண்டிக்கிட்டாரு. அதான் நாளைக்கு இந்தப் பாலு. ஒனக்காகத்தாண்டி எல்லாம்."

அவள் மறுபடி பானையைத் தேய்க்கத் தொடங்கினாள். நான் என் கையைப் பார்த்தேன்.

தூக்கிலிருந்து பால் மொள்ளும் அளவுக் குவளைக்குப் பிடி உடைந்து நாளாகிவிட்டது. விளிம்பைப் பிடித்துத்தான் முக்குவேன். கட்டைவிரல் எப்போதும் உள்ளே இருக்கும், பாலுக்குள். தங்கராஜு அண்ணன் வண்டிக்குப் பால் கொண்டுபோய் ஊற்றியது நான்தான். ஐலீன் கோப்பையில் ஊற்றியதும் நான்தான்.

விளக்கு வைத்த பிறகு அப்பாவிடம் போனேன். அவர் மாட்டுக் கொம்புக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நாளைக்கு வேற யாராச்சும் பால் குடுக்கட்டுமே."

"ஏன்? இப்பவே எல்லாத்தையும் கொட்டிறலாம்னு பாக்கிறியா?" என்றார். காலையில் அடித்ததற்கு வருத்தம்போல, கொஞ்சம் மஞ்சளை என் மூக்கில் தொட்டு வைத்தார். "பயப்படாத. நம்ம பாலுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. சாமிக்கே தெரியும்."

அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? அம்மா தினமும் தண்ணீர் விடுகிறாள் என்று சொன்னால் அவர் செய்த சத்தியம் அத்தனையும் பொய்யாகிவிடும். அவர் அம்மாவை வீட்டில் வைத்திருப்பாரா?

சவுக்காரக் கட்டியை எடுத்துக்கொண்டு பைப்புக்குப் போனேன். தோல் எரியும்வரை தேய்த்தேன். நகத்துக்குள் ஈர்க்குச்சியை விட்டுச் சுரண்டினேன். கை சிவந்துபோனது. சிவப்பாக இருந்தால் சுத்தமா? பார்த்தால் முன்பு இருந்த அதே கைதான். அம்மாவின் கையும் இதே மாதிரிதான் இருக்கும், நீள விரல், அகல நகம். எல்லோரும் சொல்வார்கள், உனக்கு அப்படியே உன் அம்மா காளியம்மா கை என்று.

நாளைக்கும் கவிழ்க்கலாம். செம்புப் பானையை எட்டி உதைத்தால் போதும். ஆனால் சாயங்காலம் மாடு திரும்பவும் பால் கொடுக்கும். அதற்கு மறுநாளும் கொடுக்கும். தினமும் நான் தடுக்கி விழ முடியுமா?

இங்கிருந்து பார்த்தால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் டிரெஸர் கிரகோரி வீட்டு விளக்குத் தெரிகிறது. இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார். ஐலீன் எப்படி இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். தண்டவாளத்தைத் தாண்டினால் அவர் கதவு. நான் இரண்டு தடவை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். அம்மா பாயில் புரண்டு படுத்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவாள். எழுந்ததும் கொல்லைக்குப் போவாள். பிறகு கொட்டகைக்கு வருவாள்.

அவர் நல்லவர். கதவைத் திறப்பார், உட்காரச் சொல்வார், நான் பாலைப் பற்றிச் சொன்னால் நம்புவார். பிறகு கேட்பார், யாருடைய கை என்று. அம்மா என்று சொன்னால் விடிவதற்குள் அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். அவள் அங்கே கம்பிச் சன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் இங்கே தினமும் தூக்கை எடுத்துக்கொண்டு பால் ஊற்றப் போவேன், கட்டைவிரல் உள்ளே இருக்க. அது நானாக இருந்தால்? நான்தான் என்று சொல்லி, அது அம்மாவாக இருந்தால்? இரண்டு பேரும் என்று சொன்னால், ஒன்றும் இல்லாத ஒருத்தியும் அங்கே அடைபட்டுக் கிடப்பாளே?

அம்மாவின் கை, என் கை. இந்த இரண்டு கையில் எந்தக் கை?